பத்து நிமிடத்தில் மைட்டோகாண்ட்ரியா

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் பேச எனக்கு அரை மணி நேரம் என்றார்கள். குழந்தைகளின் நடனம் இழுத்தது, சாம்பார் ஆறுகிறது என்று பத்து நிமிடமாக வெட்டினார்கள். விஞ்ஞானம் பேச வந்தவளுக்கு வேறென்ன மரியாதை கிடைக்கும்?

செல்லுக்குச் சக்தி தயாரித்துக் கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா, பல புற்றுநோய் செல்கள் சர்க்கரையை அள்ளி விழுங்கும் என்றேன். கைதட்டல் வந்தது. அங்கேயே முடித்துக்கொண்டேன். புற்றுநோயோடு சண்டை போடும் நம் டி-செல்லுக்கும் அதே சர்க்கரை வேண்டும், அதன் மைட்டோகாண்ட்ரியா சோர்ந்தால் சண்டையும் போயிற்று, ஆகவே நோயாளிகள் பட்டினி கிடக்கவே கூடாது என்பது கடைசி ஸ்லைடு. அதைக் காட்டாமல் இறங்கியவள் நான்தான். கைதட்டல் இனித்தது, கர்மம்.

முதல் வரிசையில் வெங்கடகிருஷ்ணன் அங்கிள் உட்கார்ந்திருந்தார். மான்மவுத் ஜங்ஷன் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் பக்கத்து வீடு. நுரையீரலில் புற்றுநோய். மற்ற மருந்தெல்லாம் கைவிட்டபின், மார்ச்சில் தொடங்கும், டி-செல்லை முடுக்கிவிடும் ஒரு புது இம்யூனோதெரபி மருந்துச் சோதனையில் இடம் கிடைத்திருந்தது. அவருக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். அவரிடமாவது போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லேபில் வேலை கிடக்கிறது என்று காரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

மார்ச் முதல் வாரம் அவர் மனைவி ஜலஜா ஆன்ட்டி வந்து கதவைத் தட்டினார். புற்றுக்குச் சர்க்கரை போகக்கூடாதென்று அங்கிள் சோறு, இட்லி, பழம் எதையும் தொடுவதில்லையாம். என் பேச்சை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டிருக்கிறார்கள், தினமும் காலையில் அதைப் பார்க்கிறாராம். நன்றாகச் சாப்பிடுங்கள் என்று டாக்டர் தலைபாடாக அடித்துக்கொண்டாராம். நம்ம பக்கத்து வீட்டு ஷ்யாமளா ரிசர்ச்சே பண்றா, இந்த டாக்டருக்கு என்ன தெரியும் என்று அங்கிள் வீட்டுக்கு வந்து சிரித்தாராம். எடை பதினெட்டு பவுண்டு இறங்கி, எழுந்து நடக்கவே தெம்பில்லை. அன்று காலை சோதனையிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள்.

உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சோபாவில் கம்பளிக்குள் கிடந்தார். என்னைப் பார்த்ததும் அந்த முகத்தில் வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதை எப்படித் தாங்குவது?

"ஒரு பருக்கை தொடலம்மா. நீ சொன்னதெல்லாம் கரெக்டா ஃபாலோ பண்ணேன். எங்க மிஸ் பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் மிஸ் பண்ணல அங்கிள்."

கடைசி ஸ்லைடைச் சொல்ல வாயெடுத்தேன். சமையலறை வாசலில் நின்று ஜலஜா ஆன்ட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்போ என் உடம்புதான் சரியில்ல" என்றார் அங்கிள்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.