சட்டைப்பையில் ஒன்பது பாடல்கள்

சவப்பெட்டிக்குள் வைத்ததை எவரும் திரும்ப எடுப்பதில்லை. ஈப்போ நகரில், சிலிபின் பகுதியின் அந்த வரிசை வீடுகளில் இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. மூக்குக்கண்ணாடியோ, வெற்றிலைப் பொட்டலமோ, இறந்தவரோடு வைத்தது இறந்தவருக்கே உரியது. எடுத்தால் அந்த வீட்டிலிருந்து இன்னொருவரும் பின்னாலேயே போய்விடுவார் என்று நம்பினார்கள். ஆகவே எவரும் எடுத்துப் பார்த்ததில்லை.

தினேஸ்வரி வாய்க்கரிசிக் கிண்ணத்தைப் பக்கத்து வீட்டு அம்மாளிடம் நீட்டிக்கொண்டிருந்தபோது ஷாஃபி வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குள் வந்தான். ஹுத்தான் மெலிந்தாங் ஊரில் அவன் குடும்பத்துக்குச் சாப்பாட்டுக் கடை இருந்தது. செய்தி கேட்டதும் கடையைத் தங்கையிடம் விட்டுவிட்டு வந்திருந்தான். பெட்டியில் கிடந்த தினேஸ்வரியின் தம்பி சுரேனுக்கு இருந்த ஒரே நெருங்கிய நண்பன். பெட்டிக்கு முன் சிறிது நேரம் நின்றுவிட்டு அவளைத் தனியே அழைத்தான்.

"அக்கா, அவனோட பென் டிரைவ் எங்க இருக்கு? பத்திரமா எடுத்து வச்சிருங்க. எல்லாம் அதுலதான் இருக்கு."

"எல்லாம்னா?"

"ஒம்பது பாட்டும். வேற எங்கயும் இல்ல."

அவள் திரும்பிப் பெட்டியைப் பார்த்தாள்.

சுரேன் செமோர் பக்கம் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் இயந்திரம் பழுதுபார்ப்பவன். பீங்கான் கை அச்சுகள் நூற்றுக்கணக்கில் சங்கிலியில் தொங்கி, ரப்பர் பாலில் முங்கி எழும் ஓசையைத் தொலைபேசியில் பதிந்து வருவான். அதை வெட்டியும் நீட்டியும் ஷாஃபி கணினியில் தாளமாக்குவான். அதன்மேல் கனத்த கித்தார்; கித்தாரின்மேல் தொண்டை கிழியும்வரை சுரேனின் குரல். இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு சிறிய இணையதளத்தில் அப்படிச் செய்த ஒன்பது பாடல்களின் தொகுப்பு வெளியானது. அதைப் பற்றி எவரும் ஒரு வரி எழுதவில்லை. போன ஆண்டு தளமே மூடப்பட்டது. அடுத்த மாதம் ஷாஃபியின் கணினி மின்னலில் கருகியது. பிரதி எடுப்பதை இருவரும் வாராவாரம் தள்ளிப்போட்டார்கள். பிறகு சுரேனுக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள்.

தினேஸ்வரி அவற்றில் ஒரு பாட்டை மட்டும், அதையும் பாதிவரை, அவன் காரில் கேட்டிருந்தாள். தலை வலிக்கிறது என்று அவளேதான் நிறுத்தினாள்.

அந்தப் பென் டிரைவ் இல்லாமல் அவன் வெளியே கிளம்பியதில்லை. அதனால்தான் காலையில், குளிப்பாட்டிப் புதுச் சட்டை போட்டதும், அவளே அதை அவன் சட்டைப்பையில் வைத்துப் பொத்தானையும் மாட்டினாள். அம்மா நல்லம்மாள் அதைப் பார்த்துத் தலையசைத்திருந்தாள்.

இரண்டு மணிக்குச் சுடுகாட்டுக்கு வேன். இப்போது ஒன்றரை. வாய்க்கரிசி போட இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவரும் நகர நகர, அவள் வரிசையை மறுபடி எண்ணினாள்.

சடங்குகளை நடத்திக்கொண்டிருந்த தாய்மாமன் கனகராஜிடம் போய் மெல்லச் சொன்னாள். அவர் முதலில் புரியாதவர்போல் பார்த்தார்.

"விளையாடுறியா? உள்ள வச்சாச்சுலா."

தெரியாமல் வைத்துவிட்டேன் என்றாள். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பாவைப் பார்த்தார்.

"உங்கப்பா நேத்து டயாலிசிஸ்கூட போவல. அவர் முகத்த பாரு. பாத்துட்டு வந்து கேளு."

அவள் பார்த்தாள். அப்பாவின் கணுக்கால்கள் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது.

திரும்பி வந்தபோது ஷாஃபி எல்லாவற்றையும் தூரத்திலிருந்தே விளங்கிக்கொண்டிருந்தான்.

"விடுங்கக்கா. நெட்டுல மொத்தம் நூத்தி நாப்பது தடவ ஓடுச்சு. அதுல பாதி நான்தான்." சிரிக்கப் பார்த்தான்; வாய் கோணிக்கொண்டது. "மீதி அவன்."

வரிசையில் ஐந்து பேர் இருந்தார்கள். வேன் வாசலில் வந்து பின்னோக்கித் திரும்பும் ஓசை கேட்டது.

தினேஸ்வரி அப்பாவின் நாற்காலிக்கு அருகில் மண்டியிட்டாள். நடந்ததைச் சொன்னாள்.

"அதுல என்ன இருக்கு?" என்றார்.

"அவன் பாட்டுப்பா."

"அந்தக் கத்தலா?"

"ஆமாப்பா."

அப்பா செமோர் ரப்பர் தோட்டத்தில் இருபது ஆண்டு பால்மரம் வெட்டிப் பாலெடுத்தவர். பிறகு ஈப்போவில் காவலாளி. மகன் அறைக்குள் கத்தும்போதெல்லாம் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிவிடுவார். அதைப் பற்றி அப்பனும் மகனும் பேசிக்கொண்டதில்லை.

"வேற எடத்துல இல்லியா?"

"இல்லப்பா."

அவர் இடக்கையில் டயாலிசிஸ் ஊசி குத்திப் புடைத்திருந்த நரம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். கடைசியாக அரிசி போட வீட்டாரை மாமா கூப்பிட்டார். அவள் அவரைத் தாங்கி எழுப்பினாள். அவர் அரிசி போட்டார். அம்மா போட்டாள். அவளும் போட்டாள்; பாதி மணிகள் அவன் கழுத்தோரம் சிதறின.

இரண்டு ஆட்கள் மூடியைத் தூக்கினார்கள்.

"நில்லுங்க," என்றாள். அந்தக் குரல் கூடாரத்தின் கடைசி நாற்காலிவரை போனது. "அவன் பையில இருக்கிறத நான் எடுக்கணும்."

யாரோ ஒரு பெண்மணி தன் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மாமா அவள் தோளைப் பிடித்தார். அம்மா கெஞ்சினாள்.

"வேணாம்மா தினேசு. அப்பாவ நெனச்சிப் பாரு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் யாரையும் பார்க்கவில்லை. பெட்டியின் விளிம்பில் இடுப்பைச் சாய்த்துக்கொண்டு, மகனின் மார்பில் கிடந்த கனத்த மாலையை இரு கைகளாலும் உயர்த்திப் பிடித்தார். சட்டைப்பை தெரிந்தது.

மாமாவின் கை தோளிலிருந்து விலகியது.

புதுச் சட்டையின் துளை இறுக்கமாக இருந்தது. பொத்தான் மூன்றாம் முறைதான் கழன்றது. இரண்டு விரல்களை உள்ளே விட்டு, எல்லோரும் பார்க்க, அவள் அதை எடுத்தாள்.

எடுத்த பிறகும் அப்பா மாலையை இறக்கவில்லை.