பப்பாசிக்காகப் பதில் சொல்பவன்

1

இந்தக் கதை என் தலையில் முளைக்கவில்லை. எங்கள் கிணற்றடியில் முளைத்தது. பென்சன் எடுத்துப் பொழுது போகாமல் நான் துப்பிய பப்பாசி விதை, ஒன்றரை வருடத்தில் கோயில் கோபுரத்தை எட்டிப் பார்த்தது. (சரி, கூரையின் தண்ணீர்ப் பீலியை.)

"வைகறையில் பூத்த அந்தப் பப்பாசி, தன் காதலியை எண்ணி..." வேண்டாம். பூத்தது மட்டும் உண்மை. பத்தாயிரம் பூ, ஒரு காயில்லை. நீண்ட காம்புகளில் கொத்துக் கொத்தாய்த் தொங்கின: ஆண் மரம்.

(நீங்கள் பப்பாளி என்றாலும் சரி, தாவரவியல்படி அது மரமுமில்லை, பெருத்த பூண்டுச் செடி. வீட்டில் இதைச் சொல்லி நான் ஒரு மதிப்பும் பெறவில்லை.)

2

மேர்சி என்ற பாத்திரத்தில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். வேலிக்கு அங்காலை இருக்கிறா. அவவின் இரண்டு பெண் பப்பாசிகளும் கழுத்து முட்டக் காய்க்கின்றன. முதற்பிரதியில் "அழகி" என்று எழுதியிருந்தேன். அதை வாசித்த என் மனைவி மீனாம்பிகை, வெட்டிவிட்டு "அயலவர்" என்று திருத்தினா.

பிறகு எங்கள் மரத்தையும் வெட்டப் புறப்பட்டா. அதைக் காப்பாற்ற விஞ்ஞானம் பேசினேன்: இந்தப் பூவின் மகரந்தத்தை அந்துப்பூச்சிகள் வேலி தாண்டிக் கொண்டுபோவதால்தான் அங்கே காய் பிடிக்கிறது என்று. என் வாழ்நாளின் மிகப் பெரிய பிழை.

"எங்கடை கிணத்துத் தண்ணியைக் குடிச்சுப்போட்டு, அங்கை பிள்ளை குடுக்குதோ?"

3

காய்க்காத மரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கோடாலியோடு மிரட்டுவார். இன்னொருவர் மரத்துக்காகத் தவணை கேட்பார். மீனாம்பிகை முறை தவறாதவ. கோடாலியை ஓங்கி, "காய்ப்பியோ, வெட்டவோ?" என்று மரத்தைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தா.

காய்க்கும் என்றால் பொய். காய்க்காது என்றால் இப்பவே விழும். நான் வாயைத் திற—

வேலிக்கு மேலால் ஒரு கை வந்தது. அதில் பழுத்த பப்பாசி.

"அது காய்ச்சுத்தானே அக்கா கிடக்கு," என்றா மேர்சி. "இந்தாங்கோ, உங்கடை மரத்தின்ரை பழம்."

4

முடிவு ஒன்று: வெட்டினா. முடிவு இரண்டு: பயத்தில் மரமே ஒரு காய் காய்த்தது. (சிரிக்காதேங்கோ, ஆண் பப்பாசி அரிதாக அப்படியும் செய்யும்.) இரண்டையும் கிழித்துப் போட்டேன்.

மீனாம்பிகை இப்போது ஒரு கையில் கோடாலியும் மறுகையில் பழமுமாக நிற்கிறா. மரம் இன்னும் பதில் சொல்லவில்லையாம். என்னை நம்ப மாட்டாவாம், உங்களைத்தான் கேட்கிறா. சொல்லுங்கோ. ஆனால் யோசித்துச் சொல்லுங்கோ, நான் மரத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன்.