மீன்காரம்மா ஸ்டாப்

லோகநாதன் என் மேசை மேல் ஸ்வீட் பாக்ஸை வைத்தபோது, அதைத் தூக்கி அவர் மூஞ்சியிலேயே அடிக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அடிக்கவில்லை. "உக்காருங்க சார்" என்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? என் அம்மாவின் முகத்தையே அவர் ஒரு நாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் வாடை மட்டும்தான்.

தாம்பரத்தில் எங்கள் ஆபீஸ். 'நீடித்த, தாங்குதிறன் மிக்க, நல்லாளுகை கொண்ட நகர்ப் போக்குவரத்துத் திட்டம்' என்று வாசலில் போர்டு. ஒரே மூச்சில் படித்து முடிப்பவனுக்குப் பரிசே தரலாம். உள்ளே நாங்கள் செய்வது சாதாரண வேலை. பஸ் எங்கே நிற்க வேண்டும், ஜனங்கள் எங்கே ரோட்டைக் கடக்கிறார்கள், மழைத் தண்ணீர் எங்கே தேங்கிப் பஸ்ஸை மறிக்கிறது என்று பார்த்து, எது எங்கே வர வேண்டும் என்று சிபாரிசு எழுதுவோம். ராஜகீழ்ப்பாக்கம் என் கையில் இருந்தது.

"மேடம், ராஜகீழ்ப்பாக்கத்துல நம்ம பில்டிங் தெரிஞ்சிருக்கும். லோகநாதன் டவர்ஸ். அதுக்கு முன்னாடி ஒரு பஸ் ஸ்டாப் இருந்துச்சு. அதைத் தூக்கிட்டுப் போய் எங்கயோ அந்தாண்ட போட்டுட்டாங்க. பப்ளிக்குக்கு ரொம்பக் கஷ்டம்" என்றார்.

போட்டுட்டாங்களாம்! யார் போட்டது? யோவ், நீதானேய்யா போட வைத்தாய்?

என் அம்மா முத்தாலம்மாள். எங்களுக்குப் பனையூர்க் குப்பம். விடியலில் படகு வந்ததும் மீன் எடுத்து, அலுமினிய அன்னக்கூடையில் போட்டு, சோழிங்கநல்லூரில் தாம்பரம் பஸ் ஏறி, ராஜகீழ்ப்பாக்கத்தில் இறங்குவாள். இறங்கிய இடத்திலேயே நிறுத்தத்து ஓரமாகக் கூடையை இறக்கி உட்கார்ந்துவிடுவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அதே இடம். கண்டக்டர்கள் "மீன்காரம்மா ஸ்டாப் எறங்கு" என்றுதான் கத்துவார்கள். போர்டில் வேறு என்னவோ எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை.

அந்த இடத்துக்குப் பின்னால் லோகநாதன் வீட்டு நிலம். அப்பன் காலத்தில் நெல் விளைந்ததாம். இவர் அதில் கண்ணாடி கண்ணாடியாகக் கட்டடம் எழுப்பினார். திறப்பு விழாவுக்கு முந்தின நாள், மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"இந்தக் கவுச்சி நாத்தத்துல எவன் கார்ல வந்து எறங்குவான்? எடத்தைக் காலி பண்ணு" என்றார்.

"பஸ்ஸு நிக்கிற எடத்துல தான குந்திகினுகீறேன். உன் வூட்டுக்குள்ளயா வந்துட்டேன்?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள்.

அம்மாவை நகர்த்த முடியவில்லை என்றதும் அவர் பஸ்ஸையே நகர்த்திவிட்டார். யாரைப் பார்த்தாரோ, என்ன பேசினாரோ, ஒரு நாள் நிறுத்தம் ஜங்ஷனைத் தாண்டி, கால்வாய் ஓரம், ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நிழல் கிடையாது. கடப்பதற்கு வழியும் கிடையாது. அம்மாவின் வாடிக்கை எல்லாம் இந்தப் பக்கம். தலையில் கூடையோடு கடந்தவளை ஒரு வேன் அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு முறிந்தது. சங்கரா மீன் ரோடெல்லாம் சிதறிக் கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

வயிறு எரிகிற சங்கதி ஒன்று பாக்கி இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வாட்ச்மேனை விட்டு அவள் உட்கார்ந்த இடத்தில் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவினார் இந்த மனிதர். ஒரு பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்க்க நாதியில்லை. பினாயில் வாங்க மட்டும் ஆள் இருந்தது.

இப்போது அவர்தான் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"கடையெல்லாம் ஒண்ணொண்ணா ஷட்டரை மூடுறாங்க மேடம். கார்ல வர்றவன் பார்க்கிங் தேடி வேளச்சேரிக்கே போயிடறான். வாங்குன ஜனமெல்லாம் பஸ்ல வந்த ஜனம்தான்னு இப்பத்தான் புரியுது."

எனக்கு உள்ளுக்குள் பாயசம் குடித்தமாதிரி இருந்தது. நல்லா வேணும்! முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

"இன்னொரு ரிக்வெஸ்ட்" என்று குரலைத் தாழ்த்தினார். "ஸ்டாப்புக்கு லோகநாதன் டவர்ஸ்னு பேர் வச்சுட்டா நல்லா இருக்கும். புது பஸ்ல ரெக்கார்டட் வாய்ஸ் வருதே, அதுல நம்ம பேர் வரணும்."

"பார்க்கலாம் சார்" என்று அனுப்பிவைத்தேன். ஸ்வீட் பாக்ஸையும் கையோடு கொடுத்தனுப்பினேன்.

அன்று சாயந்திரம் வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் கொட்டினேன். நிறுத்தம் இப்போது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், ரோட்டைக் கடக்க மட்டும் நல்ல வழி போட்டுவிடுவோம், அந்த ஆள் கட்டடம் மொத்தமும் வவ்வால் அடையட்டும் என்று கத்தினேன். ஒரு வரி எழுதினால் போதும். சட்டப்படி யாரும் குறை சொல்ல முடியாது.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அடுப்படிக்குப் போவதற்குள் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினாள்.

"அந்தாண்டயிருந்து இந்தக் காலை இஸ்துகினு நான் எப்டி வருவேன்? நீ வழி போட்டா மட்டும் என் இடுப்பு ஒத்துக்குமா? ஸ்டாப்பு பழைய எடத்துக்கு வந்தாத்தான் நான் மறுபடி கூடை எடுக்க முடியும். வூட்டுலயே குந்திகினு சாவ சொல்றியா?" என்றாள்.

"அப்போ அவன் ஜெயிச்சிடுவானேம்மா."

"மொதல்ல என் காலுக்கு ஒரு வழி பண்ணு. உன் கோவத்துக்கு அப்பால பண்ணிக்கோ."

ராத்திரி முழுக்கப் புரண்டேன். நிறுத்தம் திரும்பி வர வேண்டும். அவர் பெயரோடு வரக் கூடாது. அம்மாவைத் துரத்திய இடத்தில் அந்த ஆளின் பெயரை மெஷின் தினமும் பாடுவதைக் கேட்டுக்கொண்டு அவள் இறங்குவதா? அதற்கு அந்த வேனே மேல்.

காலையில் எங்கள் அதிகாரி கேஷவிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்போ இந்த ஸ்டாப்புக்கு நீங்க சிபாரிசு எழுதக் கூடாது ஷர்மிளா. நான் எழுதறேன். கருத்துக் கேட்புக் கூட்டத்துல நீங்க மைக் மட்டும் பிடிங்க" என்றார். எனக்கு மைக் போதும் என்று சொல்லிவிட்டேன்.

லோகநாதனுக்கு போன் போட்டேன்.

"சார், இடத்தைப் பொறுத்தவரை பிரச்சினை இல்ல. முன்னாடி இருந்த இடம்தான் வசதின்னு எல்லாரும் சொல்றாங்க. பேருக்குத்தான் ஒரு விதி இருக்கு. ஆபீஸ்ல உக்காந்து நாங்க வைக்கிறது இல்ல. கூட்டத்துல ஜனங்க வாயில என்ன பேர் வருதோ, அதான் பேர். கட்டடத்துப் பேரா இருந்தாலும் சரி."

"அவ்ளோதானே மேடம்! நம்ம ஆளுங்களையே கூட்டிட்டு வர்றேன்" என்று குஷியாகச் சிரித்தார்.

கூட்டம் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. லோகநாதன் வெள்ளை வேட்டி சட்டையில், தன் ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார். காதோடு காதாகப் பாடம் நடந்துகொண்டிருந்தது. அம்மாவை நான் முன் வரிசையில் உட்கார வைத்தேன். லோகநாதன் பார்த்தார். வாக்கரைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலில் குமரேசன் எழுந்தார். டவர்ஸ் வாசலில் ஆட்டோ ஓட்டுகிறவர். மைக்கை நீட்டினேன்.

"லோகநாதன் டவர்ஸ் ஸ்டாப்பு மறுபடியும் வரணும்" என்று பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார். லோகநாதன் தலையாட்டினார்.

"கரெக்டா எந்த இடம்ணா? டவர்ஸுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்று கேட்டேன்.

"இன்னா மேடம், தெரியாத மாதிரி கேக்குறீங்க? அதான் நம்ம மீன்காரம்மா ஸ்டாப்புல..." என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மண்டபம் சிரித்தது. லோகநாதன் முழங்கையால் பக்கத்தில் இருந்தவரை இடித்து எழுப்பினார். கீழ்த்தளத்தில் சைவ ஹோட்டல் நடத்தும் ஹரிபிரசாத் அவர். நெற்றி நிறைய விபூதி.

"மேடம், அவர் ஏதோ பழக்கத்துல சொல்லிட்டார். லோகநாதன் டவர்ஸ்தான் பேரு. சொன்னா எல்லாருக்கும் தெரியும்" என்றார்.

"உங்க ஹோட்டலுக்கு போன்ல ஒருத்தர் வழி கேட்டா என்ன சார் சொல்வீங்க?"

"மீன்காரம்மா ஸ்டாப்ல எறங்கிடுங்க, எதிர்லயே..." பாதியில் அவருக்கே உறைத்தது. "சுத்த சைவம்" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கவே இல்லை. பின்னாலிருந்து பெண்கள் கைதட்டினார்கள். லோகநாதன் பாய்ந்து வந்து என் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க! இனிமே மீன்காரம்மா ஸ்டாப்பை எவனும் மீன்காரம்மா ஸ்டாப்னு சொல்லக் கூடாது!"

"எந்த ஸ்டாப்பை சார்?" என்று பணிவாகக் கேட்டேன்.

"மீன்காரம்மா ஸ்டாப்பைத்தான்!"

மேடையிலிருந்த கேஷவ் தலையைக் குனிந்துகொண்டு, "சார் சொன்னதையும் பதிவு பண்ணிக்கோங்க" என்றார்.

அப்போதுதான் லோகநாதனுக்குப் புரிந்தது. மைக்கைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பிறகு முன் வரிசையில் அம்மாவைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. முதல் தடவையாக எங்கள் முகத்தைப் பார்த்தார் அந்த மனிதர். எனக்கு உச்சந்தலை வரை குளிர்ந்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை; தோன்றாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

மழைக்காலத்துக்கு முன்பே நிறுத்தம் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. கூரை போட்டு, உட்காரத் திண்டு கட்டி, ரோட்டைக் கடக்க மேடாக வழியும் போட்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கட்டடத்தில் லோகநாதன் டவர்ஸ் என்று பொன் எழுத்து. அதற்கு நேர் கீழே எங்கள் நீல போர்டு. ஹரிபிரசாத் பிழைக்கத் தெரிந்தவர். தன் போர்டிலேயே 'மீன்காரம்மா ஸ்டாப் எதிரில், சுத்த சைவம்' என்று எழுதிவிட்டார்.

அம்மா தாழ்தள பஸ்ஸில் வருகிறாள். "அடுத்த நிறுத்தம், மீன்காரம்மா ஸ்டாப்" என்று மெஷின் குரல் சொல்லும்போது கண்டக்டரே திரும்பி அவளைப் பார்த்துச் சிரிக்கிறாராம். கீழே உட்கார முடியாததால் பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக்கொண்டு, பினாயில் ஊற்றிய அதே இடத்தில் கூடையை வைக்கிறாள்.

சனிக்கிழமைகளில் நானும் கூடப் போகிறேன். லோகநாதனின் கார் வந்து நின்று, அவர் இறங்கி வாசல் படியில் கால் வைக்கும் வரை அம்மா பேசாமல் இருப்பாள். பிறகு நிறுத்தத்து போர்டைக் காட்டுவாள்.

"இன்னாடி எழுதிகீது? படி."

படிப்பேன்.

"காது கேக்கல. சத்தமாப் படி."

ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி படிப்பேன். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும்.