காலையில் கொடுத்த குளிசை

கொடுத்திருக்கக் கூடாதோ, காலையில் அந்தக் குளிசையைக் கொடுத்திருக்கவே கூடாதோ... தில்லைநாதன் வாய் கொப்பளித்துத் துப்பியதில் இரத்தம் கிடந்ததை நாகேஸ்வரி கண்ணால் கண்டவள்தானே, சாறத்துக்குக் கீழே இரண்டு காலிலும் பொடிப்பொடியாய்ச் சிவப்புப் புள்ளிகள், உண்ணி கடித்ததாக்கும் என்றார், வயலுக்கே போகாமல் படுத்திருக்கிற புருஷனை எந்த உண்ணி தேடி வந்து கடிக்கும், இருந்தும் கொடுத்தாள். மாரடைப்பு வந்து பட்டணத்து ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்து திரும்பியபோது, இதயம் தாறுமாறாய் அடிக்காமலிருக்க இந்த மாத்திரை, ஒரு நேரமும் தவறவிடக் கூடாது என்று வார்ட்டுத் தாதி மிஸ்ஸி சொல்லிவிட்டாள். தவறினால் உயிர் போய்விடும் என்று அவள் சொல்லவில்லை, அதை நாகேஸ்வரி தானாகவே சேர்த்துக்கொண்டாள். பிறகு இன்று ஸ்கந்தபுரத்து வீட்டிலிருந்து இங்கே பஸ்ஸில் வரும் வழியெல்லாம், பள்ளத்தில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு முறையும், உள்ளே எங்கேயாவது ஒரு நரம்பு வெடித்துவிடுமோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு...

இப்போது இந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் மர வாங்கில் அவர் உட்கார்ந்திருக்கிறார், டொக்டர் காது மடலில் ஊசியால் குத்திவிட்டு மணிக்கூட்டைப் பார்க்கிறார், அரை நிமிடத்துக்கொரு தடவை ஒற்றுத்தாளை வைத்து ஒற்றுகிறார், வரவரப் புள்ளி சிறுக்க வேண்டுமாம், ஏழாவது, எட்டாவது, சிறுக்கவில்லை, பன்னிரண்டாவதும் முதலாவதைப் போலவே பெரிதாய்... ஒரு ஊசிமுனைக் காயம்கூட மூடாதா, கடவுளே, தலைக்குள் கசிந்தால் யார் ஒற்றுவது?

“எத்தினை நாளா இந்தக் குளிசை குடுக்கிறியள்?”

“வீட்டை வந்து பத்து நாள், ஐயா.”

“இண்டைக்கும் குடுத்தனீங்களோ?”

“ஓம்... குடுத்தனான்.”

“இனிக் குடுக்காதேங்கோ, அம்மா. இரத்தத்தை உறைய வைக்கிற சின்ன அணுக்கள் இருக்கு. சில ஆக்களுக்கு இந்தக் குளிசை அதுகளை அழிச்சுப் போடும். நிப்பாட்டினால் ஒரு கிழமைக்குள்ளை திரும்பக் கூடும்.”

“அப்ப அவற்றை நெஞ்சு?”

“இஞ்சை வைச்சுப் பாப்பம்.”

பாப்பம்... கொடுத்தால் இரத்தம், கொடாவிட்டால் இதயம், இடையில் ஒரு கிழமை, அந்த ஏழு நாளையும் அவள் எப்படி மூச்சு விட்டுக் கடப்பாள், தன் கையாலேயே வாயில் போட்டுத் தண்ணீர் பருக்கினாளே, நாளுக்கு நான்கு தரம். டொக்டர் அவரிடம் திரும்பி, புள்ளிகளை முதலில் எப்போது கண்டீர்கள் என்று கேட்டார். தில்லைநாதன் சுவரைப் பார்த்தபடி, “அஞ்சு நாளாச்சு. இவ பயந்துபோவா எண்டு சொல்லேல்லை” என்றார்.

ஐந்து நாள். சாறத்தைக் கணுக்கால்வரை இறக்கிக் கட்டிக்கொண்டு ஐந்து நாள் சும்மா இருந்திருக்கிறார். கோபம் வர வேண்டும், வரவில்லை, அதற்குப் பதிலாய், இன்னும் எதையெல்லாம் மறைத்திருப்பாரோ என்ற பயம்தான் வந்தது. தினமும் விடிந்ததும் அவள் கேட்பாள், நெஞ்சு நோகுதோ என்று. இல்லையெண்டு சொல்லுவார், ஒவ்வொரு நாளும், ஒரே மாதிரி. இப்போதும் கேட்டாள். தில்லைநாதன் அவளைப் பார்த்துச் சிரித்து, “இல்லை” என்றார்.