காப்பாருக்குப் போய் வந்தவள்

அக்காவின் பிரசவத்துக்குத் துணையாக இருந்துவிட்டு ஊருக்குத் திரும்புவது என்றுதான் புஷ்பவல்லி மலாய் நாட்டுக்குக் கப்பல் ஏறினாள். அக்கா தங்கமணிக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த சில நாட்களிலேயே போய்விட்டன. மூன்றாவதாக உண்டானபோது, கூடப் பிறந்தவள் ஒருத்தி பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அவள் சொல்லி அனுப்பினாள். தாய் இல்லாத வீடு. திருமருகலில் அப்பாவும் புஷ்பவல்லியும் மட்டும்தான். அப்பா ரொம்ப யோசித்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறிய ஒரு தெரிந்த குடும்பத்தோடு அவளைச் சேர்த்து அனுப்பிவைத்தார். அப்போது அவளுக்கு வயது பத்தொன்பது.

அக்காவின் புருஷன் சபாபதி ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன். பிரிக்ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் ரயில்வே கொடுத்த வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தார்கள். முன்னால் ஓர் அறை, பின்னால் அடுப்படி, அதற்கும் பின்னால் நாலு வீட்டுக்குப் பொதுவாக ஒரு குழாய். எஞ்சின் புகை கொடியில் காயும் துணியில் கறுப்புப் பொட்டு வைத்துவிட்டுப் போகும். மத்தியானம் ஆனால் மழை. ஊரில் மழைக்கு வானத்தைப் பார்த்து ஏங்கியவளுக்கு, இங்கே தினமும் துணியை உள்ளே எடுப்பதே ஒரு வேலையாகப் போயிற்று.

வந்த புதிதில் எல்லாமே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. தெருவில் இறங்கினால் ஆண்களாகவே தெரிந்தார்கள். சீனர், மலாய்க்காரர், யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாக்கள், கைலி கட்டிய நம்மவர்கள். வயசுப் பெண் ஒருத்தி தனியே நடந்தால் ரிக்‌ஷாக்காரன்கூட வண்டியை நிறுத்திப் பார்ப்பான். சபாபதி அதற்காகவே அவளை வெளியே அனுப்பவேண்டாம் என்று சொல்லியிருந்தான். ஆனால் அக்காவுக்கு வயிறு கனத்து, கால் வீங்கிப்போனது. அத்தானுக்கு நேரங்கெட்ட நேரத்து டியூட்டி. மீன் வாங்க யாராவது பாசாருக்குப் போய்த்தானே ஆகவேண்டும்? புஷ்பவல்லி கூடையை எடுத்துக்கொண்டு போனாள். பார்த்தவர்களைத் திருப்பிப் பார்த்தாள். பார்த்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். அத்தான் கோபித்துக்கொண்டான். சாப்பிட்ட மீன் நன்றாயிருந்ததா என்று மட்டும் அவள் கேட்டாள். அதற்குமேல் அந்தப் பேச்சு எழவில்லை.

இரண்டு மாதத்தில் சந்தையில் பேசும் பாசார் மலாய் அவள் நாக்கில் ஏறிவிட்டது. மீன்காரச் சீனன் சொன்ன விலையைக் கேட்டு வாயைப் பிளக்காமல், “தா மாவ்லா”, வேண்டாம், என்று சொல்லிவிட்டு நகரத் தெரிந்தது. அவன் பின்னாலேயே கூப்பிடுவான். அது அவளுக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது. ஊரில் அவள் வேண்டாம் என்று சொல்லி யாரும் பின்னால் வந்து கூப்பிட்டதில்லை.

கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பார் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து, கூலிகளை வேலைவாங்கும் கங்காணி சின்னையா அவர்கள் வீட்டுக்கு வந்தார். நாற்பதைத் தாண்டிய மனிதர். வெள்ளைக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கையில் வெள்ளிப்பூண் போட்ட பிரம்பு. ஒரு கூடை நிறைய மங்குஸ்தான் பழம் கொண்டுவந்திருந்தார். சபாபதி அவருக்கு முன்னால் உட்காரவே இல்லை. புஷ்பவல்லி காப்பி கொண்டுபோய் வைத்தாள். ஊர் எது, படிக்கத் தெரியுமா, சமைப்பாயா என்று கேட்டார். பெரியவர் ஏதோ பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவளும் பதில் சொன்னாள். பழம் நன்றாயிருந்தது. சுளையை வாயில் போட்டுக்கொண்டே அவர் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

அதற்குப் பிறகுதான் தங்கமணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து விஷயத்தைச் சொன்னாள். தை பிறந்ததும் கல்யாணம். தோட்டத்துக் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று கங்காணியார் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு அப்புறம் தெரிவித்துக்கொள்ளலாம். அவர் சந்தோஷம்தானே படுவார்?

புஷ்பவல்லி கையில் இருந்த பழத்தைத் திரும்பக் கூடையில் வைத்தாள். முடியாது என்றாள். தங்கமணி கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் தனக்கென்று ஓர் உயிர் இல்லை என்றாள். பெற்ற இரண்டையும் மண்ணில் வைத்தபோது கூட நின்று அழக்கூட ஆளில்லை. நீயும் இங்கேயே இருந்துவிட்டால், காப்பார் கிள்ளானுக்கு அந்தப் பக்கம்தான் என்றாலும், நினைத்தால் பார்த்துக்கொள்ளலாமே என்றாள்.

அத்தான் சொல்லியிருந்தால் கோபம் மட்டும்தான் வந்திருக்கும். அக்காவும் சேர்ந்து சம்மதித்திருக்கிறாள் என்பது நெஞ்சில் வேறுவிதமாகக் குத்தியது. புஷ்பவல்லி அவளுடைய கண்ணைத் துடைத்துவிட்டாள். ஆனால் முடியாது என்றதை மாற்றவில்லை.

சபாபதி கெட்டவன் இல்லை. பாயிண்ட்ஸ்மேனுடைய மச்சினிக்குக் கங்காணி வீடு கிடைப்பதை அவன் அதிர்ஷ்டம் என்றே நம்பினான். கங்காணியின் சொந்தக்காரன் என்று நாலு பேர் தன்னைச் சொல்வதில் அவனுக்கும் ஓர் ஆசை. ஆகவே அவள் மறுத்தது அவனுக்குப் புரியவே இல்லை.

“வாக்குக் குடுத்தாச்சு,” என்றான்.

“குடுத்தது நீங்க அத்தான். நான் குடுக்கலையே.”

அவன் கையை ஓங்கினான். தங்கமணி வயிற்றுப் பிள்ளையோடு குறுக்கே வந்ததால் கை கீழே இறங்கியது. அதற்குப் பிறகு அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் கல்யாணப் பேச்சு அவளைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது. கூறைப் புடவைக்குச் சொல்லியாகிவிட்டது என்று பக்கத்து வீட்டுக்காரி வந்து சொன்னாள். இங்கே எவ்வளவு கத்தினாலும் காதில் ஏறாது, யாரிடம் சொன்னால் நிற்குமோ அவரிடமே போய்ச் சொல்லவேண்டும் என்று புஷ்பவல்லிக்கு அப்போதுதான் தோன்றியது.

அடுத்த ஞாயிறு காலை, அத்தான் டியூட்டிக்குப் போனதும், தலைவாரி நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்காரியை அக்காவுக்குத் துணையாக உட்காரவைத்தாள். பொய் சொல்லிவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை.

“காப்பாருக்குப் போறேங்க்கா. சாயங்காலம் வந்துடுவேன்.”

தங்கமணி தடுக்கவில்லை. தன் செருப்பை எடுத்து அவள் முன்னால் போட்டாள். வழியெல்லாம் செம்மண், கல் குத்தும் என்றாள்.

கிள்ளானுக்கு ரயிலில் மூன்றாம் வகுப்பில் போனாள். சேவல்களைக் கூடையில் அடைத்து வைத்திருந்த ஒரு மலாய்க்காரம்மாள் நகர்ந்து இடம் கொடுத்தாள். கிள்ளானில் மோட்டார் பஸ் பிடித்தாள். தோட்டத்துச் சாலை பிரியும் இடத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டு பக்கமும் பால்மரங்கள் ஒரே மாதிரி, ஒரே உயரத்தில், கண்ணுக்கெட்டிய மட்டும் நின்றன. உள்ளே இருட்டு. காய்ந்த பாலின் புளித்த வாடை. திரும்பிவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தாள். திரும்பினால் தை மாதம் இதே சாலையில் மாலையும் கழுத்துமாக வரவேண்டியிருக்கும். நடந்தாள்.

கூலிகள் குடியிருக்கும் லயன் வீடுகளைத் தாண்டி, கட்டைக்கால்மேல் நின்ற தகரக்கூரை வீடுதான் கங்காணி வீடு. கிணற்றடியில் ஒருத்தி துணி துவைத்துக்கொண்டிருந்தாள். முப்பதுக்கு மேல் இருக்கும். புஷ்பவல்லி குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவள் செம்பை அலம்பி நிறையக் கொடுத்துவிட்டு, யாரைப் பார்க்க வந்தாய் என்று விசாரித்தாள். புஷ்பவல்லி பெயரைச் சொன்னதும் அவள் கை துணியிலேயே நின்றது.

“நீதானா அது,” என்றாள்.

அவள் பெயர் சீதாலெட்சுமி. புருஷன் இந்தத் தோட்டத்திலேயே காய்ச்சலில் செத்தான். அதற்குப் பிறகு கங்காணி அவளை வீட்டோடு வைத்துக்கொண்டார். தாலி இல்லை. ஆனால் சமையல், துணி, அவருக்கு உடம்பு முடியாத நாட்கள் எல்லாம் அவள்தான். கல்யாணம் முடிவானதும், தை பிறக்குமுன் கடைசி லயனுக்குப் போய்விடு என்று சொல்லியிருக்கிறார். அவள் இதை அழாமல்தான் சொன்னாள். அரிசி இல்லை, உப்பு இல்லை என்பதுபோலச் சொன்னாள்.

புஷ்பவல்லிக்கு அதுவரை இருந்த பயம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. செம்பைக் கொடுத்துவிட்டு வீட்டு முன்பக்கம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனதால் ஆட்கள் பலர் வந்திருந்தார்கள். லீவு கேட்கவும் வழக்குச் சொல்லவும் வாசலில் நின்றார்கள். மேலே சாய்வு நாற்காலியில் சின்னையா உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார். சபாபதி எங்கே என்பதுபோல அவள் பின்னால் பார்த்தார்.

“அண்ணே,” என்றாள் புஷ்பவல்லி.

வாசலில் முன்வரிசையில் இருந்த ஒருவன் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“நான் உனக்கு அண்ணன் இல்லம்மா,” என்றார் கங்காணி, மெதுவாக.

“மூத்தவங்கள வேற எப்படிக் கூப்பிடுறது? கூடப் பொறந்தவரா நெனச்சுச் சொல்றேன் அண்ணே. எங்க அத்தான் குடுத்த வாக்கு என்னோடது இல்ல. எனக்குச் சம்மதமும் இல்ல. வேற ஆள் மூலமாச் சொன்னா நீங்க நம்பமாட்டீங்க. அதான் நானே வந்தேன்.”

கங்காணியின் முகம் கறுத்தது. பிரம்பு கைக்கு வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை சொன்னால் அவளைப் பிடித்து நிறுத்த அங்கே ஆள் இருந்தது. அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

“அண்ணி தண்ணி குடுத்தாங்க,” என்றாள். “அவங்கள நல்லபடியா வச்சுக்குங்க. அது போதும்.”

சீதாலெட்சுமியை அதுவரை அந்த வாசலில் யாரும் அண்ணி என்று சொன்னதில்லை. கூட்டத்தில் இருந்த கிழவி ஒருத்தி, “சரியாத்தான் சொல்லுது புள்ள,” என்றாள். அண்ணன் என்று நாலு பேருக்கு நடுவில் அழைத்தவளைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல எந்தக் கங்காணிக்கும் வாய் வராது. சின்னையா நாற்காலியில் உட்கார்ந்தார். இவளைக் கொண்டுபோய்ச் சாலையில் விடுங்கள் என்று யாரையும் பார்க்காமல் சொன்னார். வந்த வழி எனக்குத் தெரியும் என்றாள் அவள். ஆனாலும் சாலை வரைக்கும் சீதாலெட்சுமி ஈரக்கையோடு கூடவே வந்தாள்.

வீடு திரும்பியதும் தானே அத்தானிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் தலையில் அடித்துக்கொண்டான். அடுத்த கப்பலுக்கே டிக்கெட் எடுத்துவந்து அடுப்படியில் வைத்தான். துணைக்குப் போகும் குடும்பத்தையும் பேசிவிட்டான்.

“அக்காவுக்குக் கொழந்த பொறக்காம நான் நகரமாட்டேன் அத்தான். கப்பல் போனாப் போகட்டும்.”

கப்பல் துறையான போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு ரயில் கிளம்பும் நேரத்தில் அவள் தோசைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். சபாபதி பெட்டியைத் தூக்கி வாசலில் வைத்தான். தங்கமணி போய் அதைத் திரும்ப உள்ளே எடுத்து வந்தாள். அந்த வயிற்றோடு அவள் குனிந்து தூக்கியதைப் பார்த்துவிட்டு அவன் மறுபடி பெட்டியைத் தொடவில்லை. ரயில் போய்விட்டது.

குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். கல்யாணத்தை உதறிவிட்டுத் தோட்டம்வரை தனியே போனவள் என்று காதுபடச் சொன்னார்கள். அவள் தன் முறை வந்ததும் குடத்தை வைத்து, நிறைய நிறைய நிரப்பிக்கொண்டு வந்தாள். ஒரு நாளும் விடிவதற்கு முன் போய்க் கள்ளத்தனமாகப் பிடித்துவரவில்லை.

மாசி மாதம் தங்கமணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி எடுத்ததிலிருந்து புஷ்பவல்லி பக்கத்தைவிட்டு அசையவில்லை. குழந்தை அழுத சத்தம் கேட்டு வெளியே நின்ற சபாபதி, வெந்நீர் போதுமா என்று கேட்டான். கார்த்திகைக்குப் பிறகு அவளிடம் அவனாகப் பேசியது அதுதான். இன்னும் ஒரு குடம் வேண்டும் என்றாள். போய்ப் பிடித்துவந்தான். குழந்தை முதல் வாரத்தைத் தாண்டியது. இரண்டாவது வாரத்தையும் தாண்டியது. தங்கமணி அதற்குப் பிறகுதான் அதன் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

முப்பதாம் நாள் பேர் வைக்கும்போது சீதாலெட்சுமி வந்தாள். விசாரித்து விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்து, ஒரு கோழியோடு வந்து நின்றாள். கங்காணி வீட்டில் சௌக்கியமா என்று புஷ்பவல்லி கேட்டாள். அங்கே இல்லை என்றாள் அவள். பூச்சோங் பக்கம் வேறொரு தோட்டத்தில் தன் பேரிலேயே கூலியாகப் பதிந்து, மரத்தில் பால் வெட்டுகிறாளாம். அவர்தான் விரட்டிவிட்டாரா என்று கேட்டதற்கு இல்லை என்று தலையை ஆட்டினாள்.

“இருக்கச் சொன்னாரு. நீ வந்துட்டுப் போனப்புறம் மரியாதையாக்கூடப் பேசினாரு. நான்தான் யோசிச்சேன். நல்லபடியா வச்சுக்குங்கன்னு நீ சொன்னே. என்னை எதுக்கு இன்னொருத்தர் வச்சுக்கணும்?”

அவ்வளவு தூரம் போய் அவ்வளவு பேசியவளுக்கு இது தோன்றவில்லையே என்று புஷ்பவல்லிக்கு வெட்கமாகவும், அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. குழந்தையைத் தூக்கி சீதாலெட்சுமியின் மடியில் வைத்தாள்.

சித்திரையில் ஊருக்குப் புறப்பட்டாள். இந்தத் தடவை நாளை அவளே குறித்தாள். கப்பல் துறைவரைக்கும் சபாபதிதான் கொண்டுவந்து விட்டான். அக்கா வீட்டு வாசலிலேயே அழுது முடித்திருந்தாள். போகாதே என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

படகில் ஏறுமுன் சபாபதி பெட்டியைக் கொடுத்துவிட்டுத் தயங்கினான்.

“காப்பாருக்குப் போனதெல்லாம் மாமாகிட்டச் சொல்லவேணாம்,” என்றான். “ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. உனக்குத்தான் சொல்றேன்.”

“நீங்க என்னை அடிக்க வந்ததைச் சொல்லமாட்டேன் அத்தான். காப்பாருக்குப் போனதைச் சொல்லத்தான் போறேன்.”

படகில் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தான் கரையில் நின்று கையைத் தூக்கினான். அவளும் தூக்கினாள். திருமருகல் போய்ச் சேர்ந்த அன்று, அப்பா கால் கழுவத் தண்ணீர் கொண்டுவரும் முன்னாலேயே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.