பூட்டுக்காரரின் கறுப்பு மீன்

பூட்டு ரிப்பேர்காரருக்குப் பல்வலி வந்தபோதெல்லாம் அவர் வீட்டுத் தொட்டியிலிருந்த கறுப்பு மீனுக்குக் கன்னம் வீங்கியது. அவருக்கு வீங்கவில்லை. அவர் வழக்கம்போல் சாப்பிட்டார், கடைக்குப் போனார், அரத்தால் சாவிகளை ராவினார். என்ன ஆச்சு என்று யாராவது கேட்டால் "ஒண்ணுமில்ல" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி எதைக் கேட்டாலும் கிடைத்த பதில் அதுதான். சுத்தியல் விழுந்து கால் நகம் பெயர்ந்த அன்றும் ஒண்ணுமில்லை, அவருடைய அப்பா செத்த அன்றும் ஒண்ணுமில்லை. ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனுஷனுக்குத் தன் வாயைத் திறக்கத் தெரியவில்லையே என்று அவள் நாத்தனாரிடம் புலம்பினாள். எங்கண்ணன் வாயில்லாப் பூச்சி, நீங்கதான் பார்த்துக்கணும் அண்ணி என்று நாத்தனார் நைசாக நழுவிக்கொண்டாள்.

வேடிக்கை என்னவென்றால், அவள் பார்த்த வேலை ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுப்பது. ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து வருகிறவர்களிடமெல்லாம் என்ன செய்கிறது என்று கேட்க வேண்டும். ஊரே தன் மூட்டுவலியையும் வாயுத்தொல்லையையும் ஒன்றுவிடாமல் அவளிடம் ஒப்பித்தது. கேட்டுக் கேட்டுக் காது புளித்து வீட்டுக்கு வந்தால் அங்கே சுவர்க்கடிகாரம் மட்டும்தான் பேசும். அவளுடைய அண்ணன் வீடு மாறும்போது மீன்தொட்டியை அவள் தலையில் கட்டியபோது, சரி, பேசாத ஜீவன்களோடு இன்னும் நாலு சேர்ந்தது என்று வாங்கி வைத்தாள்.

வளர்ப்பு மீன் விற்கும் கடைக்காரர்தான் அவளுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நல்ல மீன் துடுப்பை விரித்து நீந்தும், சாப்பாட்டுக்கு முந்திக்கொண்டு வரும். சீக்கு மீன் துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மூலையில் நிற்கும், கல்லில் உரசும், மேலே வந்து காற்றுக்கு வாய் பிளக்கும். ஒரு முறை கறுப்பு மீனின் மேல் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் வந்தன. கடைக்காரர் சொன்னபடி அவள் தண்ணீரில் கல்லுப்புப் போட்டாள். புள்ளி மறைந்தது. ஒரு வாரமாகக் கதவு நிலையில் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்த கணவர் தேய்ப்பதை நிறுத்தினார். குளிர்காலத்தில் மீன் சுருண்டு நின்றது. தண்ணீரைச் சூடாக்கினாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த கணவருக்கு வியர்த்துக் கொட்டி, இருந்ததாக அவர் சொல்லவே சொல்லாத காய்ச்சல் இறங்கியது.

மீனால் இவருக்கு வருகிறதா, இவரால் மீனுக்கு வருகிறதா என்று அவளுக்குத் தலைகால் புரியவில்லை. சீக்கு மீனைத் தனியாக வையுங்கள் என்று கடைக்காரர் சொன்ன அன்று குழப்பம் இன்னும் கூடியது. அவள் கறுப்பு மீனை ஒரு வாளிக்கு மாற்றிய சாயங்காலம், கணவர் தலையணையை எடுத்துக்கொண்டு தன் பூட்டுக்கடைக்குப் போய் அங்கேயே படுத்துக்கொண்டார். சண்டை போட்டுப் போனதாக அக்கம்பக்கம் நினைத்தது. அவள் போய்க் கேட்டபோது, "தெரியல, இங்கதான் இருக்கணும்னு தோணுது" என்றார். அத்தனை வருஷத்தில் அவர் பேசிய மிக நீளமான வாக்கியம் அது. அவள் ஓட்டமாக வந்து மீனைத் தொட்டியில் விட்டாள். சாப்பாட்டு நேரத்துக்குத் தலையணை திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அவள் அந்த மீனைத் தொட்டியை விட்டு வெளியே எடுக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு காலையில் மீன் இடப்பக்கம் சாய்ந்து நீந்தியது. செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. கணவர் நிமிர்ந்து நடந்தார், இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார், கேட்டதற்கு ஒண்ணுமில்லை என்றார். அவள் தண்ணீர் மாற்றினாள், உப்புப் போட்டாள், சூடாக்கினாள், எதற்கும் மீன் நிமிரவில்லை. கடைக்காரர் வந்து தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தண்ணீரிலும் குறையில்லை, மீனிலும் குறையில்லை, இதற்கு என்னிடம் மருந்தில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். கணவரை இழந்துவிடுவோம் என்று அவள் பயந்தாள், ஆனால் தொட்டியைப் பார்த்துப் பயப்படுவதா, அவரைப் பார்த்துப் பயப்படுவதா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

வேறு வழியில்லாமல் மீனை வெளியே எடுத்து ஒரு ஜாடியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அதற்கும் ஒரு டோக்கன் போட்டு, வரிசையில் உட்காரவைத்தாள். டாக்டரம்மா பார்க்காத நோயா. ஜாடியின் மேல் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார், நகர்த்தி வைத்து இன்னொரு தரம் கேட்டார், இதயம் தடுமாறுகிறது, ஆளைக் கூட்டிவாருங்கள் என்றார். கடையிலிருந்து சாவிக்கொத்தும் கையுமாக வந்த கணவர், எனக்கு ஒண்ணுமில்லை டாக்டர் என்று ஆரம்பித்தார். ஜாடிக்குள் மீன் மெல்லப் புரண்டு வயிற்றைக் காட்டியது.

"பாருங்க," என்றாள் அவள். "உங்க வலிய அதுதான் பட்டுக்கிட்டிருக்கு. அதுவும் போயிட்டா அப்புறம் எனக்கு யாருங்க சொல்லுவாங்க?"

அவர் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். துருப்பிடித்த பூட்டைத் திறக்கும்போது வருமே, அந்த மாதிரி ஒரு சத்தம்தான் முதலில் தொண்டையிலிருந்து வந்தது.

"வலிக்குது," என்றார். "நெஞ்சுல. ரொம்ப நாளா. சொன்னா நீ பயந்துடுவியேன்னு இருந்தேன்."

மீன் நிமிர்ந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்தார். அடைப்பு இருந்தது, அறுவை சிகிச்சை நடந்தது. வார்டில் நர்சுகள் முதலில் ஜாடியைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அவருடைய நாடியைப் பிடித்தார்கள். திறந்த வாய் அதன்பிறகு மூடவே இல்லை. முழங்கால், முதுகு, அப்பா செத்த அன்று அழ முடியாமல் போனது, கல்யாணமான புதிதில் அவள் அவருடைய சட்டையைப் பார்த்துச் சிரித்தது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். அவள் அழுதாள், சில நாள் போதும் நிறுத்துங்கள் என்று கத்தவும் செய்தாள். அது முட்டையிடாமல் குட்டி போடும் ரகம்; சுமை குறைந்ததும் நன்றாகத் தின்று குட்டிகள் போட்டது. அக்கம்பக்கத்தில் வாய் திறக்காத ஆட்கள் உள்ள வீட்டார் ஆளுக்கொன்று கேட்டு வாங்கிப் போனார்கள். மிஞ்சிய ஒரு குட்டியை அவள் டோக்கன் ஜன்னலில் ஒரு பாட்டிலில் வைத்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாடு கொண்டுவந்த ஒரு நாள், அந்தக் குட்டி துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு ஓரமாக நிற்பதைப் பூட்டு ரிப்பேர்காரர் பார்த்தார். யாருடைய வலி அது என்று அவர் கேட்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார், உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உனக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டார்.

அந்த நாற்காலியில் உட்கார்ந்த நாள் முதல் அவளிடம் யாரும் அதைக் கேட்டதில்லை. வெளியே வரிசை நீண்டது. நின்றவர்கள் கண்ணாடி வழியாகப் பாட்டிலைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நேரமாகும் என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டு உட்கார இடம் தேடினார்கள்.