வீட்டுக்கே வைத்தியம்

பஸ்ஸில் மட்டுமல்ல, வீட்டிலும் அவளைக் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பிலும் அக்குளிலும் படர்தாமரை வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. நாள் முழுக்க வியர்வையில் ஊறும் யூனிஃபார்ம். நெரிசலில் நின்றுகொண்டு சொறியவும் முடியாது. மருந்துக்கடையில் வாங்கிய டியூபைத் தடவினால் நாலு நாள் அடங்கும், பிறகு இன்னும் அகலமாக வட்டம் போட்டு எழும்பும். மாமியார் அவள் துண்டுக்குத் தனிக்கொடி கட்டினாள். "குளிக்கிற லட்சணம் அப்படி," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்.

ஒருநாள் லீவு போட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா பிளேடின் ஓரத்தால் தோலை மெல்லச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் வைத்து, சொட்டு மருந்து விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவளையும் பார்க்கச் சொன்னார். நூல் நூலாக ஏதோ கிளைவிட்டுக் கிடந்தது.

"பூஞ்சைம்மா. நீங்க தடவின டியூபுல ஸ்டீராய்டு இருக்கு. அது அரிப்பை அமுக்கும், பூஞ்சையை வளரவிடும். தூக்கிப் போடுங்க. மாத்திரையும் களிம்பும் தரேன். மறைஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக் கூடாது. வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவள் தடவுவதைவிட வேகமாக அல்லவா டியூப் தீர்ந்துகொண்டிருந்தது!

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "சனிக்கிழமை எல்லாரும் டாக்டர்கிட்ட போறோம்."

"உன் அசிங்கத்துக்கு நாங்க எதுக்குடி வரணும்?" என்றாள் மாமியார்.

கண்டக்டர் கணவனைப் பார்த்தாள். "என் டியூபை எடுத்துத் தடவறது யாருங்க?"

அவன் பேப்பரை மடித்தான். "லேசா வேர்க்குரு..."

"ஆம்பளை மானத்தை வாங்குறியே!" என்று பாய்ந்தாள் மாமியார்.

"ரெண்டு வருஷமா என் மானம் கொடியில தொங்குச்சே அத்தை, அப்ப கண்ணு தெரியலையா? வராதவங்க துணியை நான் தொடமாட்டேன்."

தொடவில்லை. பத்து நாளில் கணவனின் அழுக்குத்துணி மூலையில் குன்றாகக் குவிந்தது. பதினோராம் நாள் அவன் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பினான். தொடையிடுக்கு முழுக்கப் படர்ந்திருந்தது. அடுத்த வாரம் மாமியாரும் வந்தாள். அடிவயிற்று மடிப்பில் வெகுநாளாக இருந்ததாம்.

மூவரும் மாத்திரை விழுங்கினார்கள். துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, உள்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் போடுவது கணவன் வேலையாயிற்று. மூன்றாம் மாதம் டாக்டர் மறுபடி சுரண்டிப் பார்த்து, "சுத்தமா போயிடுச்சு, இனிமே நிறுத்தலாம்," என்றார்.

அந்த வாரமே எதிர்வீட்டுக்காரி வந்து, "மருமகளுக்குச் சூட்டுக்கொப்புளம் சரியாப்போச்சா?" என்று மாமியாரிடம் கேட்டாள்.

வேலைக்குக் கிளம்பிய கண்டக்டர், பஸ்ஸின் கடைசி சீட்டு வரை கேட்கும் குரலில் சொன்னாள்: "கொப்புளம் இல்லைக்கா, படர்தாமரை. இந்த வீட்ல மூணு பேருக்கும் இருந்துச்சு."

மாமியார் தரையைப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரி வாசல் வரை கண்டக்டர் பின்னாலேயே வந்து, காதோரம் கிசுகிசுத்தாள்: "அந்த டாக்டர் எத்தனை மணிக்கு வருவாங்க?"